தொட்டியின் அடியில் ஒரு பெயர்

ஊனாங்காட்டுக்குத் தண்ணீர் வரவேண்டிய நாளன்று, பொழுது விடிந்ததும் பொன்னுரங்கம் மடத்து வாசலில் வந்து நின்றார்.

மடம் என்றால் மலைச்சரிவில் ஓர் ஓட்டு வீடு, அவ்வளவுதான். அதில் இருந்த பெண்மணியை ஊரார் மடத்தம்மா என்றார்கள். ஒரு காலத்தில் அடிவாரத்தில் நர்சாக இருந்தவர். பொன்னுரங்கத்தைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் ஓய்வுபெற்ற அந்த இஞ்சினியர் ஐந்து வருடமாக அவரைத்தான் குருவாக நினைத்து வந்துபோய்க்கொண்டிருந்தார்.

அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஓடியாட வேண்டிய நாள்ல, மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு வந்திருக்கீங்க?"

"ஒரு கேள்விம்மா."

"கேளுங்க."

அவர் தயங்கினார். பிறகு சொன்னார். டவுனில் ஒரு கருங்கல் பலகை செய்யச் சொல்லியிருந்தார். வழவழவென்று இழைத்து, வெள்ளைக்கல்லை வெட்டிப் பதித்து அவர் பெயர். தண்ணீர்த் தொட்டியின் முகப்பில் வைப்பதற்கு. கல் வந்துவிட்டது. ஜீப்பில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

"ரெண்டு வருஷம் இந்த மலையே கதின்னு கிடந்தேன். எல்லாம் தண்ணிக்காகத்தான்னு நினைச்சேன். நேத்து அந்தக் கல்லைச் சின்னப் பிள்ளை மாதிரி தடவித் தடவிப் பார்த்தேம்மா. எனக்கே வெக்கமாப் போச்சு. நான் செஞ்சது தண்ணிக்காகவா, இந்தப் பேருக்காகவா?"

அம்மா முறத்தைத் தட்டி உமியை ஊதினார்.

"தண்ணி எத்தனை மணிக்கு வரும்?"

"பத்து மணிக்கு."

"அப்போ நடங்க. நேரமாச்சு."

ஊனாங்காட்டில் நாற்பத்தாறு வீடுகள். தண்ணீருக்கு ஒரு மணி நேரம் நடந்து சுனைக்குப் போகவேண்டும். மழைக்காலத்தில் சுனை கலங்கும். கலங்கினாலும் அதையேதான் குடிக்கவேண்டும். வருடம் தவறாமல் ஊர் வயிற்றுப்போக்கில் சுருண்டுவிடும். போன வருடம் இரண்டு பேரைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார்.

பொன்னுரங்கம் மேல்மலையில் வற்றாத ஊற்று ஒன்றைக் கண்டுபிடித்தார். ஊராரே பாறையை உடைத்து, ஜீப் ஏற ஒரு தடம் போட்டு, நாலு கிலோமீட்டருக்குக் குழாய் பதித்தார்கள். ஊருக்கு மேலே தொட்டி கட்டி, அங்கிருந்து வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தார்கள்.

பத்து மணிக்கு ஊர் முழுக்கத் தொட்டியடியில் நின்றது. மடத்தம்மாவும் வந்திருந்தார். குழாய் முதலில் இருமியது. காற்றாய்ச் சீறியது. செம்மண் தண்ணீரைத் துப்பியது. அதையெல்லாம் வெளியே விட்டு முடித்ததும் கை கனத்துக்குத் தண்ணீர் தொட்டிக்குள் விழ ஆரம்பித்தது. பறை அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

தொட்டியடிக் குழாயில் முதல் குடத்தைச் செங்காயி பிடித்தாள். போன வருடம் தூளியில் போய்த் திரும்பாதவன் அவள் புருஷன். குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். குடிக்கவில்லை. ஏணியில் ஏறித் தொட்டிக்குள் பார்த்தாள்.

"அடி எங்க?" என்றாள்.

"எந்த அடி?" என்றார் பொன்னுரங்கம்.

"தண்ணிக்கு அடி. சுனையில கூழாங்கல்லு தெரிஞ்சா தெளிவு, தெரியலைன்னா கலங்கல். இங்க சிமெண்ட்டுத் தரை ஒரே சாம்பல் நிறமா கிடக்கு. தெளிஞ்சிருக்கா கலங்கியிருக்கான்னு எவளுக்குத் தெரியும்?"

"சோதனை பண்ணிச் சான்றிதழ் வாங்கி வச்சிருக்கேம்மா. இதோ பாருங்க, காகிதம்."

"காகிதத்தையா கரைச்சுக் குடிக்கச் சொல்றீங்க?"

கூட்டம் சிரித்தது. பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"மழையில இதுவும் கலங்குமா, கலங்காதா? அதைச் சொல்லுங்க."

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பெரிய மழைன்னா கலங்கலாம். அப்போ மூடிட்டா போதும்."

"கலங்கினதே தெரியலைன்னா எப்போ மூடுறது? கண்ணால பார்த்தே ஒருத்தரைப் பறிகொடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டு வேற குடிக்கணுமா?"

அவள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுச் சுனைப் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் நாலு பேர், பிறகு பத்துப் பேர். பறை நின்றது. இரண்டு வருடம் கண்முன்னால் நடந்து போவதைப் பொன்னுரங்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நில்லு செங்காயி," என்றார் அம்மா. "அடி தெரிஞ்சா குடிப்பியா?"

"தெரிஞ்சா எதுக்கு வேண்டாங்கப் போறேன்? எனக்கென்ன சுனைக்கு நடக்க ஆசையா?"

"சுண்ணாம்பு பூசலாமே," என்றார் ஊர்ப்பெரியவர் பெரியண்ணன்.

"கரையும்," என்றார் அம்மா.

"பெயிண்ட்டு?"

"உரியும். குடிக்கிற தண்ணி."

"எங்க வீட்டுல வெள்ளைப் பீங்கான் தட்டு ஒண்ணு இருக்கு."

"தண்ணி விழுற வேகத்துல புரண்டு போயிடும்." அம்மா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "கரையக்கூடாது, உரியக்கூடாது, நகரக்கூடாது. எட்டடித் தண்ணிக்குக் கீழே பளிச்சுன்னு தெரியணும். அப்படி ஏதாவது யார்கிட்டயாவது இருக்கா?"

அவர் பார்வை எல்லோர்மீதும் போனது. பொன்னுரங்கத்தின்மீது மட்டும் போகவில்லை.

பொன்னுரங்கம் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பேசாமல் நின்றாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நாளைக்கே டவுனுக்குப் போய் வேறொரு கல் வாங்கி வரலாம். ஆனால் நாளைக்குள் இந்தக் குடங்கள் சுனைக்குப் போய்விடும். போன குடங்களைத் திரும்ப அழைப்பது எளிதல்ல.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு," என்றார்.

நாலு பேர் ஜீப்பிலிருந்து கல்லைத் தூக்கி வந்தார்கள். பெரியண்ணன் சாக்கை விலக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "பொன்... னு... ரங்கம்."

செங்காயிதான் முதலில் சிரித்தாள்.

"அட, இம்புட்டு நேரமா சாக்குக்கு அடியிலயா ஒளிஞ்சிருந்தீங்க?"

ஊரே சிரித்தது. பொன்னுரங்கத்தின் காது சிவந்தது.

"சார், இது முகப்புல பதிக்கிற கல்லாச்சே," என்றார் பெரியண்ணன், பாவமாக.

"உள்ளே போடுங்க."

சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் மெல்லிய குரலில் கேட்டார். "கவுத்திப் போட்டுடலாமாம்மா?"

"பின்பக்கத்துல என்ன தெரியும்?"

தொட்டியைக் காலி செய்தார்கள். கயிறு கட்டிக் கல்லை இறக்கி, எழுத்து மேலே பார்க்க நடுவில் கிடத்தினார்கள். மறுபடியும் தண்ணீர் விழுந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே களி கிளறிச் சாப்பிட்டார்கள்.

மூன்று மணிக்குத் தொட்டி நிறைந்தது. செங்காயி ஏணியில் ஏறினாள். குனிந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நெடுநேரம் நிமிரவே இல்லை.

"என்னடி, தெரியுறாரா?" என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.

"தெரியுறாரு! மேல வச்ச புள்ளிகூடத் தெரியுது!"

ஏணியின் மேலேயே நின்று, சொம்பில் மொண்டு மடமடவென்று குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். மிச்சத் தண்ணீரைக் கூட்டத்தின்மேல் வீசினாள். பறைக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தாறு வீட்டு வாசலிலும் குழாய் திறந்தது. குடம், அண்டா, வாளி, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி, எதுவும் காலியாக இல்லை. பெரியண்ணன் குழாயடியில் வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். எழுப்பப் போனவர்களும் நனைந்தார்கள்.

அதன் பிறகு தினமும் காலையில் ஒருத்தி ஏணியில் ஏறுவது வழக்கமாயிற்று.

"பொன்னுரங்கம் இருக்காரா?"

"இருக்காரு, பிடிங்க."

மழைக்காலம் வந்தது. ஒரு காலை செங்காயி மேலிருந்து கத்தினாள். "பொன்னுரங்கத்தைக் காணோம்! எவளும் பிடிக்காதீங்க! நேத்துத் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க!"

குழாயை மூடினார்கள். தொட்டியைக் கழுவி விட்டார்கள். கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். ஊற்று தெளிந்ததும் மறுபடி நிரப்பினார்கள். அந்த மழைக்காலத்தில் பெயர் ஏழு தடவை மறைந்தது. ஏழு தடவையும் ஊர் விழித்துக்கொண்டது. ஒருவர் வயிறும் கெடவில்லை. தூளி கட்டி யாரும் மலையிறங்கவில்லை.

ஏழாவது தடவை பொன்னுரங்கம் ஊரில் இருந்தார். நனைந்தபடியே மடத்துக்கு ஓடி வந்தார்.

"என் பேர் தெரியலைன்னு ஊரே கத்துச்சும்மா. எல்லாரும் ஓடிவந்து மூடினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவ்வளவு சந்தோஷம். அன்னைக்குக் கேட்டேனே, அந்தக் கேள்விக்கு இதுதானே பதில்? நான் தண்ணிக்காகத்தான் செஞ்சேன், இல்லையா?"

அம்மா தலை துவட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"நாளைக்குத் தெளிஞ்சிடும் சார். ஏணியில ஏறிப் பாருங்க. பேர் தெரியும்போதும் இதே சந்தோஷம்தானா, வேற சந்தோஷமான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."