விரல்கள் பேசும் வேகம்

"டீச்சர், என் கம்ப்யூட்டர் நத்தையா ஊருது. புதுசு வாங்கிரட்டுமா?"

பாளையங்கோட்டையில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் மெஹருன்னிசாவிடம்தான் பவுல்ராஜ் இதைக் கேட்டார். மாணவர் ஆசிரியையைவிடப் பத்து வயது மூத்தவர்.

பவுல்ராஜின் மகள் சூசன்னாவுக்குக் காது கேட்காது. அவளுக்கும் அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சைகை மொழியிலேயே கதை சொல்லும் பொம்மைப் படங்கள் செய்யவேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் படிக்க வந்தார்.

கையில் ஒரு விளம்பரத்தாள் வைத்திருந்தார்.

"இந்தப் பிராசசர் அஞ்சு கிகாஹெர்ட்ஸ் வேகம் வரைக்கும் போகுமாம், டீச்சர்."

மெஹருன்னிசா தாளை வாங்கிப் படித்தார்.

"அண்ணாச்சி, மொட்டை மாடி வரைக்கும் ஓடிட்டு வாங்க."

பவுல்ராஜ் ஓடினார். திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி ஓடுனீங்க?"

"முதல் மாடி... மான் மாதிரி. அப்புறம்..."

மூச்சு வாங்கியது.

"சரி. உங்க நெத்தியில 'மான் வேகம் வரை'ன்னு அச்சடிச்சிருவோமா?"

பவுல்ராஜ் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்போ புதுசே வேண்டாமா, டீச்சர்?"

"வீட்டுக்கு வந்து நீங்க வேலை செய்யறதைப் பார்த்துட்டுச் சொல்றேன், அண்ணாச்சி."

சனிக்கிழமை மெஹருன்னிசா அவர் வீட்டுக்கு வந்தார். பவுல்ராஜின் மனைவியோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார்.

பவுல்ராஜ் வேலையைத் தொடங்கினார். திரையில் ஒரு கை 'மழை' என்று சொல்லவேண்டும். விரல்கள் எங்கிருந்து இறங்கவேண்டும்? யோசித்தார். வரைந்தார். அழித்தார். மோவாயில் கைவைத்து மறுபடி யோசித்தார்.

மெஹருன்னிசா தொண்டையைச் செருமினார்.

பவுல்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். யாரும் தொடாததால் திரை தானாகவே அணைந்து கிடந்தது.

யார் நத்தை என்று புரிந்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஹருன்னிசா கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

அதன்பிறகு பவுல்ராஜ் கணினியைக் குறை சொல்லவில்லை. படம் படமாகச் செய்தார். கை பழகியது. ஒரு காலத்தில் நாள் முழுக்க யோசித்த அசைவு இப்போது நினைத்தவுடன் வந்தது.

அடுத்த ஆண்டு மெஹருன்னிசா மறுபடி வீட்டுக்கு வந்தார்.

"அதே பழைய பெட்டிதான், டீச்சர். ஆசையை விட்டாச்சு." பவுல்ராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

பக்கத்தில் சூசன்னா இருந்தாள். திரையிலிருந்த சைகை தப்பு என்று காட்டினாள். பவுல்ராஜ் ஒரு விரலைத் திருத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கணினி முனகியது. சூசன்னா பார்த்தாள். கொட்டாவி விட்டாள். எழுந்து போய்விட்டாள்.

அவள் போனபிறகுதான் அசைவு திரையில் வந்தது.

"கிளம்புங்க அண்ணாச்சி, கடைக்கு."

"டீச்சர், நான்தான் ஆசையை..."

"ஆசையை விட்டீங்க, சந்தோஷம். பிள்ளை எந்திரிச்சுப் போயிட்டாளே."

பவுல்ராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைக்காரர் மெல்லிய லேப்டாப் ஒன்றைக் காட்டி எண்களை அடுக்கினார். பவுல்ராஜ் தன் பென்டிரைவை நீட்டினார்.

"இதைப் போட்டுக் காட்டுங்க."

தொடக்கத்தில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு உள்ளே விசிறி இரைந்தது. திரையில் விரல்கள் விக்கின.

அடுத்து, ஓரத்தில் இருந்த தடித்த பெட்டியில் போடச் சொன்னார். அதன்மேல் ஒட்டியிருந்த வேக எண் சின்னது. விளக்கு அலங்காரமும் இல்லை.

படம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் திரையிலிருந்த கை, பார்ப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டது: உன் பெயர் என்ன?

சூசன்னாவின் கை தானாக உயர்ந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைச் சொன்னாள். திரை அடுத்ததைக் கேட்டது. அதற்கும் சொன்னாள். அவள் கண்கள் திரையைவிட்டு நகரவில்லை.

பவுல்ராஜ் மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதோட ஸ்பீடு எவ்வளவுன்னா..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

மெஹருன்னிசா உதட்டில் விரல் வைத்தார்.

"உஷ்! பேசிட்டிருக்காங்க."