இழுவைத்துணி சொல்லாமல் விட்டது

பொருள்களுக்கும் வாய் இருந்த காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் விலங்கியல் துறையில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், இழுவைத்துணி தொங்கிக்கொண்டிருந்தது.

பார்ப்பதற்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு கஜம் வெள்ளைப் பிளானல். ஒரு பக்கம் மூங்கில் கம்பு. கம்பின் இரண்டு முனையிலும் கயிறு. மாதம் ஒருமுறை பேராசிரியர் செண்பகவடிவு அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறுவார். மலைமேல் மஞ்சக்கொம்பை என்று ஒரு குடியிருப்பு. அங்கே மாடு போகும் தடத்தின் ஓரமாக, புல்லின் மேல் துணியை மெல்ல இழுத்துக்கொண்டே நடப்பார். ஆள் வருமா, மாடு வருமா என்று புல் நுனியில் காத்திருக்கும் உண்ணிகள் துணியைப் பற்றி ஏறிக்கொள்ளும். பத்தடிக்கு ஒருமுறை நின்று, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவார்.

அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மருதி எப்போதும் கூடவே வருவாள். விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் தினமும் அவள் நடக்கிற தடம்தான் அது.

"துணியண்ணே, இன்னிக்கு எத்தனை பேரு ஏறுனாங்க?" என்று கேட்பாள்.

"பதினொன்று, மருதி."

"போன மாசம் ஏழுதானே?"

"ஆமாம். கூடியிருக்கிறது."

கூடிவிட்டால் செண்பகவடிவு அன்றைக்கே சுகாதார அலுவலகத்துக்கு எழுதுவார். அவர்கள் வந்து மாடுகளுக்கு மருந்தடிப்பார்கள். ஆட்களுக்குக் கைகாலில் பூசத் தைலம் கொடுப்பார்கள். தடத்துப் புல்லை வெட்டிப் போடுவார்கள். உண்ணி கடித்து வரும், ஆளையே கொல்லும் உண்ணிக் காய்ச்சல் வரவேண்டிய வருடம் வராமலே கழிந்துவிடும். இப்படியே பதினெட்டு வருடம். பதினெட்டு வருடமும் மஞ்சக்கொம்பையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை எந்தப் பத்திரிகை போடும்?

பல்கலைக்கழகமோ நொடித்துக் கிடந்தது. மழை பெய்தால் நூலகத்தில் வாளி வைத்தார்கள். துணைவேந்தர் கெட்டவர் அல்ல. ராத்தூக்கம் கெட்டு யோசித்தவர்தான். ஒருநாள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "ஆளுக்குக் கொஞ்சம்னு பிச்சுப் பிச்சுக் கொடுத்து நாம எதுலயும் பேர் வாங்கல. அஞ்சு ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுப்போம். அதுக்கு மட்டும் முழுசா கொடுப்போம். பேர் வந்தா நிதி வரும். அப்புறம் மத்ததையும் பார்த்துக்கலாம்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அன்றைக்கு முன்னுரிமைப் பட்டியல் பிறந்தது.

பட்டியல் வழவழப்பான தாள். யாரையும் புண்படுத்தாமல் பேசத் தெரிந்தது. அறை அறையாகப் போய் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டது. விலங்கியல் துறைக்கு அது வந்த அன்று செண்பகவடிவு அங்கே இல்லை. விடைத்தாள் திருத்த வெளியூர் போயிருந்தார். பட்டியல் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

"இங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது?"

இழுவைத்துணி தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டது. புல் கறை, சாணிக் கறை. எதிரே பட்டியலின் கையில், வெளிநாட்டிலிருந்து வரப்போகும் பெரிய இயந்திரத்தின் படம் பளபளத்தது.

"பெரிதாக ஒன்றுமில்லை ஐயா. உண்ணி எண்ணுகிறோம்."

"எண்ணி?"

"எழுதி வைக்கிறோம்."

"புதிதாக ஏதாவது கண்டுபிடித்ததுண்டா?"

"இல்லை ஐயா."

பட்டியல் அவசரப்படவில்லை. "யோசித்துச் சொல். உங்களை நிறுத்திவிட்டால் யாருக்காவது கெடுதல் வருமா?" என்று பொறுமையாகவே கேட்டது.

துணிக்கு மருதியின் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லத்தான் வாயெடுத்தது. ஆனால், 'எங்களால்தான் ஓர் ஊர் நன்றாக இருக்கிறது' என்று எப்படிச் சொல்வது? வராத காய்ச்சலுக்கு எதைச் சாட்சியாகக் காட்டுவது? அதற்குக் கூச்சமாகிவிட்டது.

"தெரியவில்லை ஐயா" என்றது.

பட்டியல் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனது.

மேசைமேல் இருந்த நுண்ணோக்கி பொறுக்கமாட்டாமல் கேட்டது: "ஏனப்பா, மருதியைச் சொல்லியிருக்கலாமே?"

"தற்பெருமை மாதிரி இருக்குமே."

"உன்னைப் பற்றிச் சொன்னால் தற்பெருமை. அவளைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன வெட்கம்?"

பேராசிரியர் அம்மா வந்ததும் எடுத்துச் சொல்லிவிடுவார் என்று துணி தன்னைத் தேற்றிக்கொண்டது. செண்பகவடிவு திரும்பி வந்தபோது, உண்ணி எண்ணும் வேலை இல்லாமலே பட்டியல் அச்சாகிவிட்டது. அவர் துணைவேந்தர் அறைக்கு ஓடினார்.

"குழு முடிவு பண்ணியாச்சு மேடம்" என்றார் துணைவேந்தர். "உங்க அறையில கேட்டப்பவே 'பெரிசா ஒண்ணுமில்ல'ன்னுதானே பதில் வந்திருக்கு?"

செண்பகவடிவு அறைக்குத் திரும்பினார். துணியைப் பார்த்தார். திட்டியிருந்தால் அதற்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

துணைவேந்தர் போட்ட கணக்கு பலித்தது. நிதி வந்தது. கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. நூலகத்துக் கூரை ஒழுகுவது நின்றது. பிள்ளைகளுக்குப் புது விடுதி வந்தது. இதெல்லாம் நல்ல காரியம்தான். ஜீப் மட்டும், விருந்தினர்களை ரயிலடியிலிருந்து அழைத்து வரப் போய்விட்டது. செண்பகவடிவு இரண்டு மாதம் பேருந்தில் மலையேறினார். மூன்றாவது மாதம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பல்கலைக்கழகத்தின் கடிதம் கேட்டார்கள். பட்டியலில் இல்லாத வேலைக்குக் கடிதம் தர அலுவலகத்தில் விதி இல்லை. அவர் பாதி வழியில் இறங்கித் திரும்பினார்.

பிறகு ஒருநாள் யாரோ மூங்கிலைக் கழற்றிவிட்டு, துணியை மட்டும் எடுத்துப்போய்ப் புது இயந்திரத்தின் அருகில் வைத்தார்கள். பிளானல் மெத்தென்று இருக்கும், துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழாது என்றார்கள்.

இயந்திரம் நல்ல சுபாவம். "ஒரு துளி ரத்தம் கொடு. உள்ளே இருக்கும் கிருமியின் பெயரையும் வம்சத்தையும் நான்கே மணி நேரத்தில் சொல்லிவிடுவேன்" என்றது.

"கிருமி ரத்தத்தில் ஏறுவதற்கு முன்னால் சொல்வாயா?" என்று துணி கேட்டது.

"அது எப்படி? என்னிடம் ரத்தம் வந்தால்தானே?"

துணி கண்ணாடியைத் துடைத்தது.

மூன்றாவது கோடையில், பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு ரத்தக்குழாய் வந்தது. மேலே சீட்டு ஒட்டியிருந்தது. 'மருதி, மஞ்சக்கொம்பை.' எழுத்தைப் படித்ததும் துணி அப்படியே சுருங்கிப்போனது.

இயந்திரம் உயிரைக் கொடுத்து வேலை செய்தது. சொன்னபடி நான்கு மணி நேரத்தில் பெயரைச் சொன்னது. உண்ணிக் காய்ச்சல். இவ்வளவு சீக்கிரமாக இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அறையில் கைதட்டல் எழுந்தது. புகைப்படக்காரர்கள் வந்தார்கள். துணைவேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓரமாகச் செண்பகவடிவு கைப்பேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார்.

"அம்மா, அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று இயந்திரம் கேட்டது.

"காலையிலயே போயிட்டா."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. இயந்திரத்தின் குரல் தாழ்ந்தது. "நான் தாமதிக்கவில்லையே அம்மா?"

"இல்லப்பா. உன் மேல தப்பே இல்ல."

துணி காத்திருந்தது. பிறகு அதுவாகவே கேட்டது: "என் மேல்?"

செண்பகவடிவு அதைக் கையில் எடுத்தார். "பட்டியல் வந்த அன்னிக்கே விடைத்தாளைப் போட்டுட்டு ஓடி வந்திருக்கலாம். எனக்கும் தோணல" என்றார்.

மறுவாரம் பட்டியல் தானாகவே தேடி வந்தது. தன்மேல் ஆறாவதாக ஒரு வரி சேர்த்திருந்தது. உண்ணி ஆராய்ச்சி. புது ஜீப் வந்தது. புதுக் கம்பு வந்தது. கடிதத்தில் துணைவேந்தரே கையெழுத்துப் போட்டார். மேகம் கவிந்த ஒரு காலையில் பேராசிரியரும் துணியும் மஞ்சக்கொம்பைக்கு ஏறினார்கள்.

மருதியின் புருஷன் நஞ்சன் வாசலில் உட்கார்ந்திருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்தான். அவன் சண்டை போடுவான் என்றுதான் துணி எதிர்பார்த்தது. எதற்கும் தயாராகவே வந்திருந்தது.

நஞ்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை.

"ரெண்டு வருசமா நீங்க வரலீங்களே அம்மா" என்றான். "உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அவ மாசாமாசம் தடத்துல போய் நின்னு பாத்துட்டு வருவா. ஏனுங்கம்மா, ரெண்டு பேரும் நல்லாத்தானே இருந்தீங்க?"