தடித்த எழுத்து

"தெய்வானையை மடத்தை விட்டு அனுப்பிடுங்கம்மா."

நல்லதம்பி வணக்கம்கூடச் சொல்லவில்லை. வந்த வேகத்தில் இதைத்தான் சொன்னார்.

உமையம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"என்ன செஞ்சாங்க?"

"மடத்துக்கு வர்ற மெயிலை அழிக்கிறாங்க."

"பார்த்தீங்களா?"

"பார்க்கல. ஆனா தெரியும்."

உமையம்மை அவரைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் அந்த மலையடிவார மடத்துக்கு அவர்தான் குரு. நல்லதம்பி இங்கே வந்து சேர்வதற்கு முன் மின்வாரியத்தில் மின்திருட்டைப் பிடிக்கும் படையில் இருந்தார். எந்த வீட்டுக்காரன் கம்பியில் கொக்கி போட்டிருக்கிறான் என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவார். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கண் ஓய்வு பெறவில்லை.

மடத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் தெய்வானை அதில் உட்காருவாள். மாலையில் நல்லதம்பி. வருகிற மெயிலுக்கெல்லாம் பதில் போடுவது இவர்கள் இருவரின் பொறுப்பு.

"வாசல்ல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. கவனிச்சீங்களா?" என்று கேட்டார் நல்லதம்பி.

"ம்."

"செண்பகவல்லின்னு பேரு. வேடசந்தூர்ப் பக்கம். வீட்டுக்காரர் இறந்துட்டாராம். கொஞ்ச நாள் இங்க வந்து இருக்கலாமான்னு மெயில்ல திரும்பத் திரும்பக் கேட்டிருக்காங்க. வான்னும் பதில் இல்ல, வராதேன்னும் பதில் இல்ல. நேரா பஸ் ஏறி வந்துட்டாங்க. வந்தவங்க உள்ளேயும் வர மாட்டேங்குறாங்க. 'வேண்டாம்னு ஒரு வார்த்தை எழுத உங்களுக்கு மனசு வரலையா? அதை மட்டும் கேட்டுட்டுப் போறேன்'னு உக்காந்திருக்காங்க. மத்தியான பஸ்ஸுக்குப் போயிடுவாங்க."

"அந்த மெயில் எல்லாம் எங்கே?"

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணுகூட இல்ல. குப்பையிலயும் இல்ல. யாரோ தடம் தெரியாம துடைச்சிருக்காங்க."

உமையம்மை ஒரு காம்பை ஒடித்துப் போட்டார்.

நல்லதம்பி குரலைத் தாழ்த்தினார்.

"மெயில் புரோகிராமுக்குள்ள மறைவா ஒரு பக்கம் இருக்கும்மா. செட்டிங்ஸ்ல கடைசி வரைக்கும் போனா ஒரு பட்டன். அதை அமுக்கினா, 'உள்ளே வர்றது ஆபத்து, வந்தா நீங்கதான் பொறுப்பு'ன்னு கேட்கும். சரின்னு சொன்னா திறக்கும். உள்ளே ஆயிரக்கணக்கான வரி. எது எதுக்குன்னு எந்த விளக்கமும் கிடையாது. ஆனா யாராவது ஒரு வரியை மாத்தினா, அது மட்டும் தடித்த எழுத்துல நிக்கும்."

"நிக்குதா?"

"ஏகப்பட்டது நிக்குது."

"தெய்வானைக்கு அந்தப் பக்கம் தெரியுமா?"

"பிரவுசிங் சென்டர் வச்சிருந்தவங்கம்மா அவங்க. தெரியாம இருக்குமா?"

உமையம்மை முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. தெய்வானை மாத்தின வரியை எல்லாம் பழைய நிலைக்குத் திருப்புங்க. நீங்க மாத்தினதுல மட்டும் கை வச்சிடாதீங்க."

நல்லதம்பி சட்டென்று திரும்பி நடந்தார்.

நான் மாற்றினேன் என்று இவரிடம் யார் சொன்னது?

அலுவலக அறைக்கு நடக்கும்போது அதே யோசனைதான். தெய்வானைதான் சொல்லியிருப்பாள். தன் மேல் பழி வருமுன் முந்திக்கொண்டிருப்பாள். குருவும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டாரோ? கீரை ஆய்ந்துகொண்டே தன்னிடம் விசாரணை நடத்தினாரோ?

அவர் மாற்றியது உண்மைதான். காரணம் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் பெயரில் என்னென்னவோ வந்துகொண்டிருந்தது. லாட்டரி விழுந்தது என்று ஒருவன், கணக்கை முடக்கிவிடுவோம் என்று ஒருவன். ஏமாறுகிற ஆளா அவர்? மடத்தின் முகவரிப் பட்டியலில் இல்லாத எவர் எழுதினாலும் நேரே குப்பைக்குப் போகும்படி அந்த மறைவான பக்கத்தில் ஒரு வரியை மாற்றி வைத்தார்.

மறுநாள் பார்த்தால் அந்த வரி பழையபடி மெலிந்த எழுத்தில் இருந்தது.

அன்றைக்குத்தான் தெய்வானை மேல் கண் விழுந்தது.

மறுபடி மாற்றினார். மறுபடி பழையபடி ஆனது. அதன் பிறகு சுலபத்தில் கண்டுபிடிக்க முடியாத வேறு வரிகளைத் தேடினார். ஒன்று தெரியாதவர் மெயிலை முன்போலவே குப்பைக்குத் தள்ளி, அந்தக் குப்பையைக் கண்ணில் காட்டாமல் மறைக்கும். இன்னொன்று விழுந்த குப்பையை உடனே அழித்துவிடும். இவளால் இனி நோண்ட முடியாது, அழிவதெல்லாம் ஏமாற்றுக்காரன் மெயில்தான் என்று நிம்மதியானார்.

இப்போது தெய்வானையின் நாற்காலி காலியாக இருந்தது; உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். எச்சரிக்கை வந்தது. சரி என்றார்.

தடித்த வரிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முதல் வரி. இது நான் போட்டது.

அடுத்தது. இதுவும் நான்தான்.

அதற்கடுத்தது போன மாதம் போட்டது. போட்டதே மறந்துபோயிருந்தது.

கீழே, கீழே என்று உருட்டிக்கொண்டே போனார். கடைசி வரி வரைக்கும் போனார். திரும்ப மேலே வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

தெய்வானையுடையது என்று சொல்ல ஒரு வரி இல்லை.

கெட்டிக்காரி, எதையும் விட்டுவைக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ஒரு வரியின் மேல் விரலை வைத்துப் பழைய நிலைக்குத் திருப்பிப் பார்த்தார். தடித்த எழுத்து மெலிந்து, மற்ற வரிகளோடு கலந்து, எது என்றே தெரியாமல் போனது.

இன்னொன்றையும் திருப்பினார். அதுவும் அப்படியே மறைந்தது.

மாற்றியவன் கைதான் தெரியும். திருப்பி வைத்தவர் கை தெரியாது.

"பிரிண்டருக்குப் பேப்பர்" என்றபடி தெய்வானை உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்கதானா திருப்பித் திருப்பி வச்சது?" என்று கேட்டார் நல்லதம்பி.

"ஆமா. நீங்க போடுவீங்க, நான் எடுப்பேன். குப்பையில கிடக்கிற நல்ல மெயிலைப் பொறுக்கி எடுத்துப் பதில் போடுவேன். கொஞ்ச நாளா குப்பையே கண்ணுல படல. தடித்த வரி ஏகப்பட்டது நிக்குது, எது என்ன செய்யுதுன்னு என்னால கண்டுபிடிக்க முடியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்கணும்னுதான் இருந்தேன். ஆனா இப்படி ஒளிச்சு ஒளிச்சு மாத்துறீங்களே, எதை மறைக்கிறீங்கன்னு எனக்கும் உங்க மேல சந்தேகம் வந்துடுச்சு. அதான் பேசாம கவனிச்சுட்டே இருந்தேன்."

நல்லதம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அம்மாகிட்ட எப்பச் சொன்னீங்க?"

"எதை?"

"நான் மாத்துறதை."

"நான் சொல்லலையே. அம்மாவுக்கு இந்தக் கம்ப்யூட்டரைப் போடவே தெரியாது. இப்ப நான் இல்லைன்னு சொன்னா மட்டும் நம்பிடுவீங்களா?"

நல்லதம்பி உள்ளுக்குள் தேடிப் பார்த்தார். நம்பிவிடுவேன் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

அந்தப் பக்கத்தைப் பற்றி அத்தனையும் அம்மாவிடம் ஒப்பித்தது தானேதான் என்பது சமையல்கட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. உமையம்மை அடுப்பில் கீரையைப் போட்டுவிட்டிருந்தார்.

"திருப்பியாச்சா?" என்றார்.

"அவங்க மாத்தினதுன்னு ஒண்ணுமே இல்லைம்மா. எல்லாம் என்னோடது."

"ம்."

"அந்த அம்மா எழுதினதையும் நான்தான் அழிச்சிருக்கேன்."

"அவங்களுக்குப் பதில் போட்டீங்களா?"

"இதோ போடுறேன்." அலுவலகத்துப் பக்கம் திரும்பினார்.

உமையம்மை கரண்டியால் வாசலைக் காட்டினார்.

நல்லதம்பி செருப்புக்கூடப் போடாமல் நடந்தார். வெயில் ஏறியிருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே, பையை மடியில் வைத்துக்கொண்டு செண்பகவல்லி எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். மலைவளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"அம்மா, நீங்க எழுதினதை எல்லாம் அழிச்சது நான்."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு?"

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அதான்."

"படிக்காமலேயா?"

"படிக்காமலேதான்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தான். செண்பகவல்லி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். நல்லதம்பியை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தார். அந்தப் பார்வை அவருக்குப் புதிதல்ல. எத்தனையோ வீட்டு வாசல்களில் நின்று அவரே மற்றவர்களைப் பார்த்த பார்வைதான்.

"நீங்க யாருன்னு எனக்கும்தான் தெரியாது. உங்க பேச்சை நம்பி நான் எப்படி உள்ளே வர்றது?"

நல்லதம்பி கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து ஓரமாக விலகி நின்றார்.

"நம்ப வேண்டாம்மா. வந்து ஒரு வாய் சாப்பிடுங்க. சந்தேகம் அப்புறம் படலாம்."