அணைக்க வேண்டாம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா என்று ஒருத்தி கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்காரி. அவளிடம் தொழில் படித்தவர் சுடலைமுத்து. வேலை பார்த்த மில்லை மூடின பிறகு, பேரன் எடுத்த வயதில் வந்து சேர்ந்த சீடர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யார் குரு, யார் சீடன் என்று கடைக்கு வருகிறவர்கள் முழிப்பார்கள்.

ஒரு நாள் சுடலைமுத்து முகம் தொங்கிப்போய் வந்து நின்றார்.

"டீச்சர், உலகம்மா வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டி என்னைப் பாடாய்ப் படுத்துது. அப்டேட் போட்டா பாதி ஏறுது. போயிட்டு வந்து திரும்பப் போட்டுப் பார்த்தா, முடியலைன்னு சொல்லிட்டு ஏறின வழியே இறங்கியிருக்கு."

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. இடம் பத்தலையோன்னு குப்பையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். பிரிண்டரைக் கழற்றினேன். வைரஸ் தடுப்பை நிறுத்தி வச்சேன். இறக்கினதை அழிச்சு மறுபடி இறக்கினேன். இனி மொத்தத்தையும் அழிச்சுப் புதுசாப் போட வேண்டியதுதான்."

"அழிச்சா?"

அங்கேதான் சிக்கல்.

உலகம்மாளுக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் காதில் கேட்டுக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். நாளைக் காலைக்குள் பெட்டியைப் புதுப்பிக்காவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பெட்டியை அழித்தால் ஆபீஸ்காரர்கள் போட்டுக் கொடுத்த புரோகிராமும் சேர்ந்து அழியும். அதைத் திரும்ப வாங்குவதற்குள் அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அழித்தாலும் வேலை போகும், அழிக்காவிட்டாலும் போகும்.

"சரி, வாங்க. நானும் வாரேன்," என்றாள் ஜெசிந்தா.

உலகம்மாள் வாசலிலேயே நின்றாள். அழுது துடைத்த முகம். ஜெசிந்தா பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்டேட்டைத் தட்டிவிட்டாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"நீங்க எப்பவும் இந்த நேரத்துல என்ன செய்வீங்க?"

"அது பாட்டுக்கு ஓடட்டும்னு அக்கா வீட்டுக்குப் போயிட்டு வருவேன்."

"இன்னைக்கும் போயிட்டு வாங்க."

அவள் போனாள். சுடலைமுத்துவும் பையைத் தோளில் போட்டார்.

"நீங்க எங்க அண்ணாச்சி?"

"மார்க்கெட்ல ஒரு பிரிண்டர் கிடக்கு டீச்சர். இது ஏறட்டும், வந்து பார்ப்போம்."

"பையை வைங்க. இன்னைக்குக் கூட இருப்போம்."

ரெண்டு பேரும் பெட்டி இருக்கிற அறை தெரிகிற மாதிரி அடுக்களையில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே உலகம்மாளின் புருஷன் பிச்சையா சுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்த மாஸ்டர். கால் முட்டு தேய்ந்து இப்போது வீட்டோடு கிடக்கிறார். அறைக்குள்ளே அவள் காதில் மாட்டிக்கொண்டு டைப் அடிப்பாள். அடுக்களையில் இவர் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருப்பார்.

"காப்பி எப்படி?"

"உசிரு வருது மாஸ்டர்."

"அவளும் இப்படித்தான் சொல்லுவா. ஆறிப்போன பிறகு குடிச்சிட்டுச் சொல்லுவா."

சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவினார். கையைத் துண்டில் துடைத்தார். நொண்டி நொண்டி அந்த அறைக்குள் போனார். காலி நாற்காலியைப் பார்த்தார். பெட்டியின் தலையில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு சுவர் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"ஐயோ!" என்று எழுந்தார் சுடலைமுத்து.

ஜெசிந்தா அவருக்கு முன்னால் போய்விட்டாள். "என்ன மாஸ்டர், சுவிட்சுப் பக்கம்?"

"அமத்தப் போறேன்."

"அணைக்க வேண்டாம்னு திரையிலே தமிழ்ல போட்டிருக்கே?"

"படிச்சேனே, எனக்கு வாசிக்கத் தெரியாதா? நான் எதுக்கும்மா அதைப் போய் அணைக்கப் போறேன்? கட்டின பொண்டாட்டியையே நாலு பேர் முன்னால அணைச்சதில்லை. நான் அமத்தத்தான் செய்தேன்."

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "எதுக்கு வேய் அமத்தணும்?"

"ஆள் இல்லாத அடுப்பு எரியலாமா? உம்மு உம்முன்னு கிடக்கு, தொட்டா கொதிக்குது, பக்கத்துல ஒரு ஆள் இல்லை. தீப்பிடிச்சா அவ பாடுபட்டது என்னாகும்?"

ஜெசிந்தா கேட்டாள், "பால்கோவா கிண்டறப்ப பாதியிலே அடுப்பை அமத்துவீங்களா மாஸ்டர்?"

"நல்லா கேட்டே! பாலும் இல்லாம கோவாவும் இல்லாமல்லா போயிரும்."

"இதுவும் உள்ளே கிண்டிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னும் பதம் வரலை."

பிச்சையா சுவிட்சைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். கை தானாகக் கீழே இறங்கியது.

"அப்ப இத்தனை நாளா... நான்தானா?"

ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவ ராப்பகலா அழுதாளே, தாயி. நான் பக்கத்துல நின்னு, சாப்பிடுன்னுல்லா சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஜெசிந்தா அடுக்களைக்குப் போனாள். அங்கே கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து, உலகம்மாளின் நாற்காலியை ஒட்டிப் போட்டாள்.

"ஆள் வேணும்னீங்களே. உட்காருங்க."

பிச்சையா உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை. துண்டால் பெட்டிக்கு விசிறினார். "ஆச்சு, ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்," என்று அதனிடம் பேசினார். எண்பது சதவீதத்திலே அது ரொம்ப நேரம் நின்றபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரை இருட்டாகித் திரும்ப வெளிச்சம் வந்தபோது, "தாயி, பதம் வந்துட்டு!" என்று கூவினார்.

அந்நேரம்தான் உலகம்மாள் திரும்பி வந்தாள். புருஷன் பெட்டி முன்னால் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். பிறகு ஓடிவந்து, நின்றபடியே ஆபீஸ் புரோகிராமைத் தட்டினாள். அது மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்து உள்ளே விட்டது. பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து நிமிர்ந்து கேட்டாள். "என்ன கோளாறு டீச்சர்?"

பிச்சையா தரையைப் பார்த்தார். சுடலைமுத்துவின் நாக்கு நுனியில் பதில் துள்ளிக்கொண்டு நின்றது.

"பக்கத்துல ஆள் இல்லைம்மா," என்றாள் ஜெசிந்தா. "வேற ஒண்ணும் இல்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

உலகம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் துண்டு இன்னும் லேசாக விசிறிக்கொண்டிருந்தது. "காப்பி சூடா இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குப் போனார்.

சுடலைமுத்து வயர்களை ஒதுக்கினார். ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது தொழில் ஒழுங்கு அல்லவா, அந்த இரண்டாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தார்.

ஜெசிந்தா அதை அவர் கையிலிருந்து வாங்கி, பழையபடி பெட்டி முன்னால் போட்டாள்.

"இது இங்கே கிடக்கட்டும், அண்ணாச்சி."