எல்லாரும் தலையாட்டிய பாடம்

இலுப்பைக் காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. மழைக்காலம் தொடங்கும் முன் அங்கே புதிய விலங்குகள் வந்து சேரும். அந்த ஆண்டு வந்தவர்களில் தும்பை என்ற சருகுமானும் ஒருத்தி. முயல் அளவுதான் இருப்பாள். அவள் பிறந்த பள்ளத்தாக்கிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் சருகுமான் அவள்தான்.

முதல் வகுப்பிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளத்தாக்கில் எல்லாரும் தரைமொழி பேசுவார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே மொழிதான். இங்கே பாடம் நடத்தியவரோ ஓர் இருவாச்சிப் பறவை. பெரிய அலகு, பெரிய குரல். மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, பறவைகளின் உச்சிமொழியில், மூச்சு விடாமல் பேசுவார். கீழே உட்கார்ந்திருக்கும் தும்பையின் காதில் எப்போதாவது ஒரு சொல் ஒட்டும். மற்றதெல்லாம் காற்றோடு போய்விடும்.

பாடம் முடிந்ததும் இருவாச்சி கேட்பார்: "புரிஞ்சுதா?"

எல்லாத் தலைகளும் ஆடும். தும்பையின் தலையும் ஆடும்.

விழுந்து கிடந்த ஒரு கிழட்டு மரத்தின் பொந்துதான் விடுதி. அங்கே தும்பையோடு தங்கியிருந்தவள் வஞ்சி என்ற மலை அணில். பிறந்ததே மரத்தின் உச்சியில். தரைமொழியும் பேசுவாள், ஆனால் தூக்கத்தில் உளறுவது உச்சிமொழியில்தான். தும்பை அதைக் கேட்டபடி விழித்துக் கிடப்பாள். இவளிடம் போய், பாடம் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். இந்தக் குட்டிக்கு இந்தப் படிப்பு ஆகாது, ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்பார்கள். 

அம்மா ஒரு கரிச்சான் குருவியிடம் சேதி சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, பாடமெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாள். எல்லாம் நன்றாகப் போகிறது என்று தும்பை சொல்லி அனுப்பினாள். கரிச்சான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று.

ஒருநாள் இருவாச்சி காட்டாற்று வெள்ளத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். சிறகை விரித்தார், அலகைத் தட்டினார், நெடுநேரம் பேசினார். தும்பைக்குப் 'பாறை' என்ற ஒரே சொல்தான் பிடிபட்டது. அந்தப் பாறையை என்ன செய்யச் சொன்னார் என்பது தெரியவில்லை. ஓரக்கண்ணால் வஞ்சியைப் பார்த்தாள். வஞ்சியின் தலை ஆடியது. தும்பையும் ஆட்டினாள்.

மறுநாள் செய்முறை வகுப்பு. ஓடைக்குப் போய் நத்தைகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று பார்த்து வையுங்கள், நான் பின்னாலேயே வருகிறேன் என்று இருவாச்சி அனுப்பிவைத்தார். தும்பை, வஞ்சி, கொற்றன் என்ற முள்ளம்பன்றி, கெண்டை என்ற நீர்நாய், இந்த நால்வரும் ஒரு குழு. நீர்நாயின் உண்மைப் பெயர் யாருக்கும் நினைவில்லை. சாப்பாட்டு வேளையில் கெண்டை மீனைத் தவிர வேறு பேச்சே பேசாததால் அந்தப் பெயர் வந்தது.

ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் ஒரு பெரிய பாறை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

திடீரென்று தண்ணீர் தேநீர் நிறமாக மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மழையே இல்லையே, இது எப்படி? நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் வஞ்சியைப் பார்த்தார்கள். அவளுக்குத்தானே உச்சிமொழி நன்றாகத் தெரியும்!

வஞ்சி ஒரு நொடி திகைத்தாள். பிறகு நடுப்பாறைமேல் தாவி ஏறினாள். மற்றவர்களும் கேள்வி கேட்காமல் பின்னாலேயே ஏறினார்கள்.

மலைப்பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் வந்தது. அடுத்த மூச்சில் ஓடையைக் காணோம். இரு கரையையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் வெள்ளம் ஓடியது. பாறையின் முக்கால்வாசி மூழ்கிவிட்டது. தும்பையின் குளம்புகளைத் தண்ணீர் நக்கியது.

"வஞ்சி, அடுத்து என்ன செய்யணும்னு சார் சொன்னாரு?" என்று கொற்றன் கேட்டான்.

 வஞ்சி பாறையின் நடுவுக்கு நகர்ந்து, தன் பெரிய வாலைச் சுருட்டிக்கொண்டாள்.

ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும் என்று தும்பைக்குத் தோன்றியது. உயிரோடு இருந்தால்தானே ஊருக்கே போக முடியும்?

"எனக்கு அந்தப் பாடம் புரியவே இல்லை" என்றாள். "நேத்து மட்டும் இல்ல. வந்த நாள்லேர்ந்து எதுவுமே புரியல. சும்மா தலையாட்டினேன்."

வஞ்சி மெல்லத் திரும்பினாள்.

"எனக்கும் புரியல."

தும்பைக்கு வெள்ளமே மறந்துபோயிற்று. "உனக்கா? உனக்கு அது தாய்மொழியாச்சேடி!"

"மொழி தெரியுது. பாடம் தெரியல, பாதியிலேயே கவனிக்கிறதை விட்டுட்டேன். என் உறவுல ஒருத்தரும் தரையில இறங்கி ஓடையைப் பார்த்ததில்ல. நீ பள்ளத்தாக்குல ஓடைக்கரையில வளர்ந்தவ, நீ தலையாட்டினே. ஓகோ, இது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி போலன்னு நானும் ஆட்டினேன்."

தானும் இவர்கள் இருவரையும் பார்த்துத்தான் ஆட்டியதாகக் கொற்றன் ஒப்புக்கொண்டான்.

"நான் ஆட்டவே இல்ல" என்றான் கெண்டை. "தூங்கி விழுந்தேன். அது உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு."

சிரிக்க நேரமில்லை. ஆளுக்கு என்ன காதில் விழுந்தது, அதையாவது சொல்லுங்கள் என்று தும்பை அவசரப்படுத்தினாள். உயரமான இடத்துக்குப் போகச் சொன்னார், கண்ணில் பட்ட உயரம் இந்தப் பாறைதான் என்றாள் வஞ்சி. வெள்ளத்தை எதிர்த்து நீந்தாமல், அது போகிற பக்கமாகவே சாய்ந்து போய்க் கரையைப் பிடிக்க வேண்டும் என்பது கொற்றனுக்கு அரைகுறையாக நினைவிருந்தது. கெண்டை கண்ணயர்வதற்கு முன் ஒன்றைக் கேட்டிருந்தான். முதலில் வரும் வெள்ளம் சற்றே வடியும், அதை நம்பக் கூடாது, பெரியது அதற்குப் பிறகுதான் வரும்.

அவன் சொல்லி முடிக்கும்போதே தண்ணீர் கொஞ்சம் இறங்கியது.

"வடியுது பாரு, இங்கேயே இருந்துடுவோம்" என்றான் கொற்றன்.

தும்பை நாலு துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தாள். இதைவிடப் பெரியது வருமென்றால் இந்தப் பாறை எந்த மூலைக்கு? சார் சொன்ன உயரம் கரைமேடாகத்தான் இருக்க வேண்டும். பாறையில் ஏறக் கூடாது என்றுதான் அவர் அத்தனை தடவை அலகைத் தட்டியிருக்கிறார்.

"இப்பவே இறங்கணும்" என்றாள்.

கெண்டை முதலில் குதித்தான். அவன் வாலைப் பல்லால் கவ்விக்கொண்டு தும்பை இறங்கினாள். அவள் கழுத்தை வஞ்சி கட்டிக்கொண்டாள். என்னை யாராவது பிடித்துக்கொள்ளுங்களேன் என்று கொற்றன் கெஞ்சினான். உன்னைப் பிடிப்பதற்கு வெள்ளத்தோடு போவதே மேல் என்றான் கெண்டை. கொற்றன் கண்ணை மூடிக்கொண்டு தனியாகவே விழுந்தான். நால்வரும் ஓட்டத்தோடு சாய்ந்து போய், உருண்டு புரண்டு கரையேறி, மேட்டில் விழுந்தார்கள்.

அப்போது பெரிய வெள்ளம் வந்தது. வேரோடு பெயர்ந்த மரம் ஒன்று அவர்கள் நின்றிருந்த பாறையில் மோதித் தெறித்தது. பிறகு பாறையும் கண்ணுக்குத் தெரியவில்லை.  

இருவாச்சி பதறிப் பறந்து வந்தார். நேராகத் தரையில் இறங்கினார். தடுமாறும் தரைமொழியில் கத்தினார்.

"நேத்துதானே சொன்னேன்? பாறையில ஏறாதீங்க, மேட்டுக்குப் போங்கன்னு சொன்னேனே! எல்லாரும் தலையாட்டினீங்களே!"

தும்பை முன்னால் வந்து நின்றாள். "புரியாமத்தான் ஆட்டினேன் சார். கேட்டா ஊருக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம்."

வஞ்சியும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கொற்றனும் கெண்டையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நகர்ந்து வந்தார்கள்.

 இருவாச்சி வெள்ளத்தின் பக்கம் திரும்பினார். அவர் மறுபடி பேசியபோது அந்தப் பெரிய குரலைக் காணவில்லை.

"போன வருஷம் இதே பாறையிலேர்ந்து ஒரு மிளாமான் குட்டி வெள்ளத்துல போயிட்டான். வகுப்புல எல்லாருக்கும் முந்தித் தலையாட்டுவான். பாடம் தெரிஞ்சும் திமிர்ல ஏறிட்டான்னு நான் அவங்கம்மாகிட்டச் சொன்னேன்."

புரியாத பாடத்துக்குத் தலையாட்டுகிறவர், தம்மைப் பார்த்துத் தலையாட்டும் பக்கத்துத் துணையையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறார்.