எலுமிச்சம்பழம் சொன்ன சாட்சி

எங்கள் டயர் கடை முதலாளி குழந்தைவேலுக்கு என் பெயர் நாச்சிமுத்து என்பதே மறந்துபோயிற்று. பதினெட்டு வருடமாக "கைநாட்டு" என்றுதான் கூப்பிடுவார். நான் மட்டும் என் பெயரை மறக்கவில்லை.

அன்று வளர்மதி டீச்சர் ஏழு பேர் குடும்பத்தோடு பெரிய வண்டியில் வந்தார். கொடைக்கானல் பயணம். பின்னால் ஸ்டாண்டு வைத்து மூன்று சைக்கிள் மாட்டினோம். கடையிலேயே பெரிய டயரையும் வீலையும் போடச் சொன்னார் முதலாளி.

போட்டுவிட்டுச் சொன்னேன்: "ஆள் ஏறினா டயர் மட்கார்டுல உரசுமுங்க. மலை வளைவுல கிழிஞ்சிரும்."

"கைநாட்டு! வண்டியை நகர்த்தாம, ஒரு கீறல் விழாம, இங்கேயே நிரூபிடா! முடியலைன்னா இன்னையோட வேலை போச்சு!"

சக்கரத்துக்கு அடியில் வைக்கப் பூஜைத் தட்டில் எலுமிச்சம்பழம் இருந்தது. ஒன்றை எடுத்துப் பின் டயருக்கு மேலே, மட்கார்டுக்குக் கீழே வைத்தேன்.

"டீச்சர், எல்லாரும் ஏறி உட்காருங்க!"

ஒவ்வொருவராக ஏற ஏற வண்டி இறங்கியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் கண்ணில் சர்ரென்று சாறு அடித்தது!

டீச்சர் எட்டிப் பார்த்தார். "அய்யோ, சட்னியாயிருச்சே! அண்ணா, எங்களுக்கு எந்த டயர்னு நீங்களே சொல்லுங்க."

"வண்டியோட வந்த அளவே போதுமுங்க."

கண்ணைக் கசக்கிக்கொண்டு முதலாளி அலறினார்: "நாச்சிமுத்து! தண்ணி கொண்டாப்பா!"

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன்.