மாவடை மரவடை

அரும்பூர் ராஜா வல்லபராயருக்கு ராஜ்யம் ஒரு கண் என்றால் உளுந்து வடை இன்னொரு கண். காலையில் சுடச்சுட வடை உள்ளே போனால்தான் அவருக்கு நியாயம் அநியாயம் தெரியும். அடுப்புப் புகை ஆகாது என்று, அரண்மனைக்குப் பக்கத்து மாந்தோப்பின் மூலையில் சமையல்கட்டைக் கட்டியிருந்தார்.

தோப்பு மருத்துவச்சி பொன்னுருவியுடையது. இந்த ராஜா பிறந்தபோது பிரசவம் பார்த்தவளே அவள்தான். அந்தச் சந்தோஷத்தில் இவருடைய அப்பா பெரிய ராஜா தோப்பை அவளுக்குச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். மாங்காய் விற்றுத்தான் அவள் காலம் ஓடியது.

மந்திரி மருதப்பருக்கு அந்த மரங்கள் மேல் ஆசை; அரண்மனைக்கு வந்தால் குத்தகை தன் கைக்கு வரும் என்று கணக்கு. செப்பேட்டைச் சபைக்கு வரவழைத்து வாசித்தார்: ‘இந்நிலமும், இதில் உண்டாகும் மாவடை மரவடை யாவும் பொன்னுருவிக்கே.’

காய்க்கிற மரம், காய்க்காத மரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பத்திரப் பேச்சு அது. மருதப்பருக்கும் அது நன்றாகவே தெரியும். ஆனால் மனுஷர் கூசாமல் சொன்னார்.

“மண் அவளுக்கு, வடை அவளுக்கு. மரங்கள் தங்களுக்கு, மகாராஜா.”

மரவடை என்றால் என்ன என்று ராஜா கேட்டார். அதுவும் ஒரு வகை வடைதான் என்றார் மந்திரி. வடை என்று கேட்டதுமே ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. அப்படியே ஆகட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

சபை விகடர் சூடாமணி மட்டும், தீர்ப்பு எப்போதிலிருந்து செல்லும் என்று பணிவாக விசாரித்தார். இந்த நிமிஷத்திலிருந்து என்றார் ராஜா.

மறுநாள் காலை ராஜா இலைமுன் உட்கார்ந்தார். இலை காலி. சூடாமணியும் பொன்னுருவியும் வந்து வடைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சமையல்காரன் அழுதான். ஆள் அனுப்பியதும் இருவரும் வந்தார்கள். கூடை பொன்னுருவியின் இடுப்பில் இருந்தது. சூடாமணி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என் வடையை எடுக்க உமக்கு என்ன தைரியம்?”

“தங்கள் வடையா, மகாராஜா? சமையல்கட்டு நிற்பது இவள் நிலத்தில். அங்கே உண்டாகும் வடை யாவும் இவளுக்கே. ஏதோ இரக்கப்பட்டு எனக்கு இரண்டு கொடுத்தாள். நல்ல மொறுமொறுப்பு.”

ராஜாவுக்குப் பசியோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

“மாவடை என்றால் வடை என்று எந்த மடையன் தீர்ப்புச் சொன்னது?”

“பெயரைச் சொன்னால் ராஜத்துரோகம் ஆகிவிடும், மகாராஜா.”

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மரங்கள் அந்த இடத்திலேயே பொன்னுருவிக்குத் திரும்பின. சூடாமணியின் தோளில் பட்டுச் சால்வை ஏறியது. மருதப்பர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ராஜா மெல்லக் கூடையை எட்டிப் பார்த்தார்.

“ஆத்தா, எனக்கு ஒண்ணாவது மிச்சம் இருக்கா?”